தொட்டி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் சொட்டு நீர் ஓடுமா, ஓடாதா?

மண்வெட்டி: "மேல்நிலைத் தொட்டி இருந்தால் போதும், சொட்டு நீர்க் குழாயைப் பொருத்திவிட்டு மறந்துவிடலாம்" என்று புதிதாகக் காய்கறித் தோட்டம் போடுபவருக்கு ஒருவர் நேற்று அறிவுரை கூறியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். 3 மீட்டர் என்றால் வெறும் 0.3 பார். சாதாரண டிரிப்பரில், அதாவது குழாயில் தண்ணீர் சொட்டும் சிறு முனையில், மணிக்கு 4 லிட்டர் என்று போட்டிருப்பது 1 பாருக்கு. 0.3 பாரில் 2 லிட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

பந்தல்: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். எங்கள் தொட்டி 3 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆறு ஆண்டுகளாகத் தக்காளியும் கத்தரியும் அந்தத் தண்ணீரில்தான் காய்க்கின்றன. ஓடுகிறது ஐயா!

மண்வெட்டி: நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசை வெண்டை மட்டும் வாடியது. முதல் டிரிப்பருக்கும் கடைசி டிரிப்பருக்கும் கீழே ஆளுக்கொரு குவளை வைத்துக் கால் மணி நேரம் பிடித்தேன். முதலாவதில் அரை லிட்டர். கடைசியில் கால் லிட்டர்கூட இல்லை. 3 மீட்டர் போதாது.

கிணற்றடி: அது அழுத்தக் குறைவு அல்ல, அடைப்பு. உங்கள் வடிகட்டியை எப்போது கழுவினீர்கள்? குழாயின் கடைசி மூடியைத் திறந்துவிட்டுப் பாருங்கள், செம்மண் குழம்பாக வரும். உப்புத் தண்ணீராக இருந்தால் டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கும்.

மண்வெட்டி: வாரந்தோறும் கழுவுகிறேன். எனக்கு வடிகட்டிப் பாடம் வேண்டாம். வடிகட்டியில் அழுக்குச் சேர்ந்தால் இருக்கிற 0.3 பாரிலும் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். அதுவும் என் பக்கத்து வாதம்தான். மேட்டுப்பாத்தி அரை மீட்டர் உயரம் என்றால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள். புதியவர் கடைக்குப் போய், அழுத்தம் ஏறி இறங்கினாலும் ஒரே அளவு சொட்டும் 'அழுத்தம் ஈடுசெய்யும்' டிரிப்பரை வாங்கிவந்தால் இன்னும் மோசம். அவற்றில் பல, அரை பாருக்குக் கீழே ஒழுங்காக வேலை செய்யாது. அந்தப் பணத்தைப் பந்தல் தருவாரா?

பூவாளி: எதற்கு இவ்வளவு கணக்கு? பத்துப் பாத்திக்குக் கையால் ஊற்றலாமே. கீரை விதைத்த பாத்தியில் சொட்டு நீர் விட்டால் துளிக்குத் துளி நடுவே மண் காய்ந்து, முளைப்பு திட்டுத்திட்டாக வரும். நான் பார்த்திருக்கிறேன்.

பந்தல்: போன பருவத்தில் தக்காளிக்குச் சாயங்காலம் இலை நனைய ஊற்றச் சொன்னவர் நீங்கள்தானே? இரவெல்லாம் இலை ஈரமாகவே கிடந்து கருகல் நோய் வந்தது. பதினெட்டுச் செடிகளைப் பிடுங்கினேன். அதை நான் மறக்கவில்லை.

பூவாளி: வேரில் ஊற்றுங்கள் என்றுதான் சொன்னேன். படிக்காமல் செய்துவிட்டு என்மேல் பழி போடாதீர்கள்.

கிணற்றடி: களிமண்ணில் துளி பக்கவாட்டில் பரவும், மணலில் நேரே கீழே இறங்கிவிடும். உங்கள் மண் எது என்று இருவருமே இன்னும் சொல்லவில்லை.

மண்வெட்டி: மண்ணை விடுங்கள். 1965இல் இஸ்ரேலின் ஹட்சேரிமில் நெட்டாஃபிம் என்ற சொட்டு நீர் நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்தே அழுத்தம்தான் இதற்கு அடிப்படை. நான் கேட்பது 3 மீட்டரைப் பற்றி மட்டும்.

பந்தல்: வரலாறு யார் கேட்டார்கள்? எங்கள் வீட்டில் ஓடுகிறது.

மண்வெட்டி: ஓடட்டும். கடைசி டிரிப்பருக்குக் கீழே குவளை வைத்தீர்களா? மூன்று முறை கேட்டுவிட்டேன்.

பந்தல்: ஒரு முறைகூடக் கேட்கவில்லை, மேலே போய்ப் படியுங்கள். உங்களுக்குக் கணக்குக் காட்ட நான் தோட்டம் போடவில்லை. இன்று காலையில் நான்கு கிலோ கத்தரி பறித்தேன்.

மண்வெட்டி: எந்த வரிசையில்?