புல்காரி, பட்டியாலா சல்வார்: வாங்கும்போது, தைக்கும்போது, உடுத்தும்போது பார்க்க வேண்டியவை

பஞ்சாபின் பூத்தையல் வேலைதான் புல்காரி. அந்தத் துப்பட்டாவைக் கடையில் விரித்தால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பழைய முறையில் இழை எண்ணிப் பின்பக்கத்திலிருந்துதான் தைப்பார்கள். நீளத் தையல் முழுக்க முன்பக்கம் விழும். பின்னால் பொடிப்பொடியாகப் புள்ளிதான் தெரியும். மெஷின் வேலை என்றால் பின்னால் பாபின் நூல் சீராக ஓடியிருக்கும்.

நூலின் பெயர் பட், முறுக்காத பட்டு. ஒரே மஞ்சளை ஒரு கட்டத்தில் கிடையாகவும் அடுத்த கட்டத்தில் நெடுக்காகவும் போட்டால், வெளிச்சம் படும் கோணம் மாறி இரண்டு மஞ்சள் போலத் தெரியும். துப்பட்டாவைக் கையில் பிடித்து மெல்லச் சாய்த்தால் சாயல் இடம் மாறுவது கண்ணுக்கே தெரியும், அவ்வளவு அழகு! முறுக்கு இல்லாததால் பிசிறுவதும் சீக்கிரம். தையல் கால் அங்குலத்தைத் தாண்டினால் மோதிரத்திலும் வளையலிலும் மாட்டி இழுபடும்.

பழைய கதர் புல்காரியின் நடுவே மூட்டுத் தையல் இருந்தால் குறை என்று ஒதுக்காதீர்கள். தறி அகலம் குறைவு, அதனால் இரண்டு மூன்று பட்டைகளை இணைத்திருப்பார்கள். சிஃபான், ஜார்ஜெட்டில் இழை எண்ண முடியாது. அச்சுப் போட்டு அதன்மேல் தைக்கிறார்கள். அதுவும் கைவேலைதான், ஆனால் கதர் வேலையின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

———

மேலே சொன்னதோடு, புல்காரியின் வகைகள்: அடித்துணியே தெரியாமல் முழுக்க நிரப்பினால் அது பாக். வெள்ளைக் கதரில் போட்டால் திர்மா. கல்யாணப் பெண்ணுக்குத் தாய்வழிப் பாட்டி தருவது ‘சோப்’ என்ற வகை; சிவப்பில் பொன்மஞ்சள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும்படி தைப்பது. அதனால் பின்பக்கச் சோதனை இந்த வகைக்குப் பொருந்தாது. ஓரத்தில் ஒரு கட்டம் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் தவறு என்று நினைக்காதீர்கள், கண்ணேறு படாமலிருக்க வேண்டுமென்றே விடுவது. பட்டியாலாவின் திரிபுரியைச் சேர்ந்த லாஜ்வந்திக்கு இந்தக் கலைக்காகவே 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

———

நிறைய மடிப்போடு தளர்ந்து விழும் பட்டியாலா சல்வார் தைக்கக் கொடுப்பவர்களுக்கு. முழுப் பட்டியாலாவுக்கு 44 அங்குல அகலத்தில் 4 மீட்டராவது வேண்டும். கடை செட்டில் வரும் இரண்டரை மீட்டரில் சாதா சல்வார்தான் வரும். டெய்லர் ‘சமாளிச்சுடலாம்’ என்றால் மடிப்பு தொடையோடு நின்றுவிடும். மேலே பெல்ட் 6 முதல் 8 அங்குலம் இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் மடிப்பு வயிற்றிலேயே தொடங்கி உப்பித் தெரியும். கஞ்சி போட்ட காட்டன் வேண்டாம், விறைத்து நிற்கும். தளர்வான காட்டனோ கிரேப்போ வளைந்து விழும். கணுக்காலில் வரும் பௌஞ்சாவுக்குள் பக்ரம் என்ற விறைப்பான உள்துணி வைத்து நெருக்கமாக நாலைந்து வரி தைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மேலே உள்ள துணியின் கனத்தில் மடங்கிவிடும். நாடா பருத்தியாக இருக்கட்டும். சாட்டின் நாடா வழுக்கும், பஞ்சாபிப் பெண்களின் கித்தா நடனம் ஆடும்போது அவிழ்ந்துவிடும்.

———

சடையில் சேர்த்துப் பின்னும் பராந்தி நம்மூர்க் குஞ்சலத்துக்கு உறவு. சடை நுனியில் மட்டும் கட்டினால் கனத்தில் உருவிக்கொள்ளும். பிடரியிலிருந்தே அதன் மூன்று புரிகளை முடியின் மூன்று கால்களோடு சேர்த்துப் பின்னுங்கள்.

புல்காரியைத் தோளில் குத்தும்போது ஊக்கு அடித்துணியில் மட்டும் ஏறட்டும். பூவின் மேல் ஏறினால் பட்டு அறும். துவைக்கும் முன் ஈர வெள்ளைத்துணியை ஒரு மூலையில் 5 நிமிடம் அழுத்திப் பாருங்கள். சிவப்பு இறங்கினால் தண்ணீரே காட்டாமல் டிரை கிளீனிங். இஸ்திரி பின்பக்கத்தில்தான், கீழே தடிமனான துண்டு விரித்து. மடித்து வைத்தால் மடிப்புக் கோட்டில் இழை வெட்டுப்படும். மல்துணியோடு சேர்த்து உருட்டி வையுங்கள்.