மகன் சீனப்பள்ளியில், எனக்கோ மாண்டரின் தெரியாது: குறைந்த செலவில் எப்படிப் படிப்பது?

தேவி_கிள்ளான்:
வணக்கம். மகன் இந்த ஆண்டு சீனப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறான். வீட்டில் யாருக்கும் மாண்டரின் தெரியாது. கணிதம்கூட சீனத்தில்தான் என்பதால் வீட்டுப்பாடத்தில் கேள்வியே எனக்குப் புரிவதில்லை. திங்சியே (சொல்வதெழுதுதல்) வேறு அடிக்கடி வருகிறது. அவனுக்கு டியூஷன் போட்டாயிற்று, எனக்கும் வகுப்பு என்றால் கட்டுப்படியாகாது. மாதம் 50 மலேசிய வெள்ளிக்குள் (ரிங்கிட்) இணையத்தில் எதை வைத்துத் தொடங்கலாம்? ஒரு செயலி ஆயுள் சந்தாவைத் தள்ளுபடியில் தருகிறது, வாங்கலாமா? ஆண்ட்ராய்டு கைப்பேசியும் பழைய மடிக்கணினியும் இருக்கின்றன.

செல்வம்_ஜேபி:
வணக்கம் தேவி. என் மகள் இப்போது ஐந்தாம் ஆண்டு. நீங்கள் நிற்கும் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆயுள் சந்தா வேண்டாம். பெரும்பாலான செயலிகள் பெரியவர்களுக்கானவை. விமான நிலையம், ஓட்டல், கடை என்று போகும். உங்கள் மகனின் புத்தகத்தில் இருப்பது வேறு. உங்களுக்குச் சரியான பாடநூல் அவன் பையிலேயே இருக்கிறது. கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் பள்ளிப் பாடநூல்கள் மின்வடிவில் உள்ளன, மகனின் கணக்கில் நுழைந்து பாருங்கள். அந்தப் புத்தகத்தைப் படிக்க உதவும் கருவிகள் மட்டும் போதும், அவை எல்லாமே இலவசம்.

முதலில் பிளெகோ அகராதியை இறக்கிக்கொள்ளுங்கள். கூடுதல் அகராதிகளை விற்பார்கள், இப்போதைக்குத் தேவையில்லை. எழுத்தின் கோட்டு வரிசைக்கு எம்டிபிஜி தளம் போங்கள், ஒவ்வொரு கோடாக வரைந்து காட்டும். திங்சியே சொற்களை ஆன்கி என்ற நினைவட்டைச் செயலியில் அட்டைகளாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டிலும் மடிக்கணினியிலும் அதற்குக் காசில்லை. அட்டைகளை நீங்களே செய்யுங்கள், பிறர் செய்து வைத்த ஆயிரம் சொல் தொகுப்பு மலைப்பைத்தான் தரும். வாக்கிய அமைப்பு புரியாதபோது சைனீஸ் கிராமர் விக்கி. விளக்கம் ஆங்கிலத்தில்தான், ஆனால் எளிமையானது.

இப்போது முக்கியமான விஷயம், ஒலி. தொடக்கத்தில் எழுத்தை விட்டுவிட்டுப் பின்யினையும் (சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்துகளில் எழுதும் முறை) நான்கு தொனிகளையும் (பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்கள்) மட்டும் பாருங்கள். யூடியூப்பில் பின்யின் அட்டவணையை வாசித்துக் காட்டும் காணொளிகள் நிறைய உண்டு. தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிய குறிப்புகளை நம்பாதீர்கள். 'பாவ்' என்று தமிழில் எழுதினால் வயிறு நிறைந்துவிட்டது என்பதா, ஓடு என்பதா? இரண்டுக்கும் தொனி ஒன்றே, மூன்றாவது. முதலாவதில் வருவது நம் 'பல்'லில் உள்ள அதே ப. இரண்டாவதில் காற்றை ஊதித் தள்ள வேண்டும். வாய்க்கு முன் ஒரு தாளைப் பிடித்தால் அது அசைய வேண்டும். இந்த ஊதல் தமிழில் இல்லை, மலாயிலும் இல்லை, அதனால் நம் காது அதைத் தவற விடுகிறது. ஆனால் நமக்கு ஒரு சாதகம் உண்டு: 'மனிதர்' என்ற சீனச் சொல்லின் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. மற்றவர்கள் திணறும் இடத்தை நீங்கள் எளிதில் தாண்டிவிடுவீர்கள்.

அந்த 50 வெள்ளியை மனிதக் காதுக்குச் செலவழியுங்கள். தொனி தவறினால் செயலி பல நேரம் 'சரி' என்று விட்டுவிடும், ஆசிரியர் விடமாட்டார். ஐடாக்கி என்ற இணையவழி மொழி வகுப்புத் தளத்தில் ஆசிரியர்கள் தாங்களே விலை வைக்கிறார்கள். 'சமூக ஆசிரியர்' பிரிவில் பெரும்பாலும் குறைவாக இருக்கும், பலர் சலுகை விலையில் சோதனை வகுப்பும் தருகிறார்கள். ஒருவரைப் பிடித்து மாதத்துக்கு ஒன்றிரண்டு வகுப்பு போதும்.

மீனா_ஈப்போ:
செல்வம் அண்ணன் சொன்னதோடு ஒன்று. பக்கத்து வீட்டு ஆன்டியிடம் பேசிப் பழகலாம் என்று நினைத்தால், முதலில் அவர் பேசுவது மாண்டரினா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் பலர் வீட்டில் காண்டனீஸ்தான், கிள்ளானில் ஹொக்கியன். அங்கே தொனிக் கணக்கே வேறு. தைவான் காணொளிகளில் பழைய முழு எழுத்துதான் இருக்கும். நம் பள்ளிகளில் எளிமையாக்கிய எழுத்து, பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

தேவி_கிள்ளான்:
இருவருக்கும் மிக்க நன்றி. செல்வம் அண்ணா, எச்எஸ்கே என்ற மாண்டரின் திறன் தேர்வின் சொற்பட்டியலை வைத்துப் படிக்கச் சொல்கிறார்களே, அது வேண்டாமா? ஆசிரியரிடம் என்னவென்று கேட்பது?

செல்வம்_ஜேபி:
தேர்வு எழுதப் போவதில்லை என்றால் அதை ஒரு துணையாக மட்டும் வையுங்கள். பழைய ஆறு நிலைத் திட்டத்தில் முதல் நிலைக்கு 150 சொற்கள், இரண்டாம் நிலைக்கு அவற்றையும் சேர்த்து 300. 2021இல் ஒன்பது நிலைத் தரம் வந்தபோது எண்ணிக்கை மாறியது, அதனால் இணையத்தில் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. பழைய 150 போதும், அவற்றில் பாதி மகனின் புத்தகத்திலேயே கண்ணில் படும்.

ஆசிரியருக்கு வகுப்புக்கு முன்பே பாடநூலின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிடுங்கள். 'நான் வாசிக்கிறேன், ஒவ்வொரு தொனித் தவறிலும் நிறுத்துங்கள்' என்று சொல்லுங்கள். அவர் தன் பாடத்திட்டத்தை எடுக்க விரும்பினால் பணிவாக மறுத்துவிட்டு, இன்னொருவரைச் சோதனை வகுப்பில் பாருங்கள். வகுப்பை ஒலிப்பதிவு செய்யலாமா என்றும் கேளுங்கள். சம்மதித்தால், அடுத்த திங்சியே வரும்போது மகனுக்கு அந்தப் பதிவையே போட்டுக் காட்டலாம்.