பிஜி_வால் 180 ஜிபி ஆகிவிட்டது, போஸ்ட்கிரெஸ் எழவே மாட்டேன் என்கிறது – அவசரம்

காரைக்குடி_பில்லிங்:
வணக்கம். காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையின் பில்லிங் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு, டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ் 15. காலை ஏழரைக்கு ‘பேனிக்’ என்று லாக்கில் எழுதிவிட்டுப் படுத்துவிட்டது. ஸ்டார்ட் கொடுத்தால் மறுபடியும் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’. டேட்டாவுக்கு 200 ஜிபி பார்ட்டிஷன். டேட்டாபேஸ் வெறும் 6 ஜிபி, ஆனால் பிஜி_வால் ஃபோல்டர் மட்டும் 180 ஜிபி.

தை முகூர்த்த நேரம். சீர் பலகார ஆர்டர் எல்லாம் இதில்தான் இருக்கிறது. யாருக்கு எத்தனை மனகோலம், எத்தனை சீப்புச்சீடை, எந்தத் தேதி என்று ஆச்சி ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல, கல்லாவில் இருக்கும் பெண் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். பிஜி_வாலில் பழைய ஃபைல்களை மட்டும் அழித்துவிட்டால் எழுந்துவிடுமா?

புதுவயல்_டிபிஏ:
தம்பி, அதில் ஒன்றைக்கூடத் தொடாதீர்கள். அது வெறும் லாக் இல்லை. டேபிளுக்கு இன்னும் போய்ச் சேராத மாற்றங்கள் அதில்தான் இருக்கும். அதை அழித்தால் டேட்டாபேஸ் எழாமலே போகலாம். முன்பு அந்த ஃபோல்டரின் பெயர் பிஜி_எக்ஸ்லாக். பெயரில் ‘லாக்’ இருப்பதைப் பார்த்து அழித்து மாட்டிக்கொண்டவர்கள் அத்தனை பேர். அதனால்தான் 2017-இல் 10-ஆம் பதிப்பில் பெயரையே மாற்றினார்கள்.

முதல் வேலை, சர்வர் நின்றிருக்கும்போதே டேட்டா டைரக்டரி முழுவதையும் வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. பிறகு, அந்தப் பழைய ஃபைல்களை அழியவிடாமல் எது பிடித்து வைத்திருக்கிறது என்று தேடுங்கள். அவற்றை வேறிடத்தில் சேமிக்கும் ஆர்க்கைவ் வேலை தோற்றுக்கொண்டே இருந்தால் ஆர்க்கைவ்_ஸ்டேட்டஸ் ஃபோல்டரில் ‘.ரெடி’ ஃபைல்கள் குவிந்திருக்கும். அது இல்லையென்றால் ரெப்ளிகேஷன் ஸ்லாட், அதாவது நகல் சர்வர் வாங்கிக்கொள்ளும் வரை ஃபைல்களை அழியவிடாத ஏற்பாடு. சர்வர் ஓடாவிட்டாலும் பிஜி_ரெப்ஸ்லாட் ஃபோல்டருக்குள் ஸ்லாட்டின் பெயர் தெரியும்.

காரைக்குடி_பில்லிங்:
காப்பி ஓடுகிறது அண்ணே. ‘.ரெடி’ ஒன்றிரண்டுதான். ஆனால் பிஜி_ரெப்ஸ்லாட்டுக்குள் ‘தேவகோட்டை’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது! தேவகோட்டை கிளையில் ஸ்டாண்ட்பை (நகல் சர்வர்) வைத்திருந்தோம். பவர் சப்ளை போய், பொங்கல் முடிந்த கையோடு அந்த மெஷினை மதுரைக்கு ரிப்பேருக்கு அனுப்பினோம். பதினாறு நாள் ஆகிறது. ஆனால் ஒரு சின்னக் கடைக்கு 180 ஜிபி எப்படி வந்தது?

கானாடுகாத்தான்_லினக்ஸ்:
ஆர்க்கைவ்_டைம்அவுட் 60 விநாடி வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நிமிடத்துக்கு ஒரே ஒரு பில் போட்டாலும் பிஜி_வாலில் 16 எம்பி ஃபைல் (செக்மென்ட்) ஒன்று மூடி, புதிது தொடங்கும். கடை 12 மணி நேரம் திறந்திருந்தால் 720 செக்மென்ட், நாளைக்கு ஏறக்குறைய 11.5 ஜிபி. பதினாறு நாளைக்குப் பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். ஸ்டாண்ட்பை வந்து வாங்கிக்கொள்ளும் வரை ஸ்லாட் ஒன்றையும் விடாது.

இடத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் 5 சதவீதத்தை ரூட் யூசருக்கென்று ஒதுக்கி வைக்கும், போஸ்ட்கிரெஸ் அதைத் தொட முடியாது. டியூன்2எஃப்எஸ் கமாண்டில் ‘-எம் 1’ கொடுத்து அதை 1 சதவீதமாக்கினால் 200-இல் 8 ஜிபி உடனே கிடைக்கும். மவுன்ட்டை எடுக்க வேண்டாம். எழுந்து ரெக்கவரி முடிக்க அது தாராளம்.

புதுவயல்_டிபிஏ:
அருமை, எனக்கு அது தோன்றவில்லை. எழுந்ததும் பிஜி_டிராப்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட் கொடுத்து அந்த ஸ்லாட்டை நீக்குங்கள், பின்னாலேயே ஒரு செக்பாயின்ட் (மாற்றங்களை டேபிளில் எழுதி முடிக்கும் கமாண்ட்). பழைய செக்மென்ட்களை சர்வரே அழித்துவிடும். தேவகோட்டை மெஷின் திரும்பி வந்ததும் பிஜி_பேஸ்பேக்கப்பால் முழு நகல் எடுத்து முதலிலிருந்து கட்ட வேண்டும்.

காரைக்குடி_பில்லிங்:
எழுந்துவிட்டது! காப்பிக்கு முக்கால் மணி நேரம். டியூன்2எஃப்எஸ் போட்டதும் ஸ்டார்ட் ஆனது. ஸ்லாட்டை நீக்கி செக்பாயின்ட் கொடுத்தேன். டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப்பை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நூறில் இருந்த சதவீதம் கண்ணெதிரே நாலுக்கு வந்தது. ஆச்சி வாயால் சொன்ன ஆர்டர்களை ஒப்பிட்டேன், ஒன்றுகூடக் குறையவில்லை. இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன வைக்கலாம் அண்ணே?

புதுவயல்_டிபிஏ:
மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்ற செட்டிங். ஸ்லாட் எவ்வளவு பிடித்து வைக்கலாம் என்பதற்கு வரம்பு. 13-ஆம் பதிப்பில் வந்தது. சும்மா விட்டால் வரம்பே கிடையாது, 20 ஜிபி வையுங்கள். அதற்கு மேல் ஸ்டாண்ட்பை பின்தங்கினால் அதன் ஸ்லாட்தான் போகும், கடை ஓடும். ஆர்க்கைவ்_டைம்அவுட்டை 600 ஆக்குங்கள். டிஸ்க்கே போனாலும் பத்து நிமிடத்து பில்லை நோட்டிலிருந்து திரும்ப ஏற்றிவிடலாம். இரண்டுக்கும் ரீலோட் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். டிஸ்க் 80 சதவீதம் தாண்டினால் போனுக்கு மெசேஜ் வருகிற மாதிரி ஒரு கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) இன்றைக்கே எழுதுங்கள்.

காரைக்குடி_பில்லிங்:
மூன்றும் போட்டுவிட்டேன். மெஷின் வியாழக்கிழமை வருகிறதாம். அன்று இரவு கடை அடைத்தபின் பேஸ்பேக்கப் எடுக்கிறேன். காலையில் நோட்டில் எழுதிய 23 பில்லையும் இப்போது ஏற்றிக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணே.