புதுப்பிப்பு: பிளாக்ஜாக்கில் ‘17 வந்தால் நில்’ என்றது பாதிதான் சரி

பிளாக்ஜாக் என்பது 21-ஐத் தாண்டாமல் டீலரை (சீட்டுப் போடுபவரை) ஜெயிக்கும் சீட்டாட்டம். இந்த இழையின் முதல் பதிவில், "17 வந்துவிட்டால் யோசிக்காமல் ஸ்டாண்ட்", அதாவது மேற்கொண்டு சீட்டு வாங்காமல் நில் என்று எழுதியிருந்தேன். ஏஸை 11 ஆக எண்ணும் சாஃப்ட் கையை மறந்தே போனேன்.

ஏஸும் 6-ம் இருந்தால் கணக்குக்கு 17 தான். ஆனால் அங்கே நிற்கவே கூடாது. அடுத்து எந்தச் சீட்டு வந்தாலும் கை உடையாது. 21-ஐத் தாண்டினால் ஏஸ் 1 ஆகிவிடும். டீலர் 3 முதல் 6 வரை காட்டினால் டபுள் (பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு வாங்குவது), மற்றபடி ஹிட் (இன்னொரு சீட்டு வாங்குவது). ஏஸும் 7-ம் வைத்திருக்கும்போது டீலரிடம் 9 அல்லது 10 தெரிந்தால் ஹிட்தான். 18-ஐக் கலைக்க மனசு வராது, எனக்கும் வராது.

இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டீலர் ஏஸ் காட்டும்போது அவர் கையில் பிளாக்ஜாக், அதாவது முதல் இரண்டு சீட்டிலேயே 21, இருக்கிறது என்று கட்டும் தனிப் பந்தயம் அது. வேண்டாம். ஆறு கட்டு ஆட்டத்தில் டீலரின் ஏஸ் போக மீதி 311 சீட்டு, அதில் பத்து மதிப்புள்ளவை (10, J, Q, K) 96. மூன்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஜெயித்தால் தருவதோ 2:1 தான்; நஷ்டமில்லாமல் இருக்கவே மூன்றில் ஒரு முறை ஜெயிக்க வேண்டும்.

அப்புறம், மேசையில் பிளாக்ஜாக்குக்கு 6:5 என்று போட்டிருந்தால் உட்காராதீர்கள். 10 கட்டினால் 3:2 மேசையில் 15 கிடைக்கும், இங்கே 12 தான்.