பழைய ஏடிவியில் சக்கர பேரிங், ஏ-ஆர்ம் புஷ்: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி: ஒன்டாரியோவில் சட்பரி பக்கம் குடிவந்திருக்கிறோம். செகண்ட்ஹேண்டில் ஏடிவி (காட்டுப்பாதையில் ஓட்டும் நாலு சக்கர வண்டி) வாங்கியாச்சு. முன் சக்கரத்தில் 'ஊங்' என்று சத்தம், திருப்பத்தில் கூடுகிறது. கடைக் கூலி கட்டுப்படி ஆகாது போலிருக்கிறது. நாமே பேரிங் (சக்கரம் சுழலத் தாங்கும் குண்டு வளையம்) மாற்றலாமா அண்ணா?

பதில் 1: மாற்றலாம் தம்பி. ஆனால் சத்தத்தை மட்டும் நம்பி பார்ட்ஸ் வாங்காதீர்கள். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை நம்பி வேலை வேண்டாம். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை பிரேக் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்கவில்லை என்றால் பால் ஜாயின்ட் (நக்கிளை, அதாவது சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பை, ஏ-ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டு) அல்லது ஏ-ஆர்ம் புஷ் (சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் 'A' வடிவக் கையின் மூட்டில் இருக்கும் உருளை). இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்டை (ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டு) பாருங்கள்.

பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும். உதாரணமாக 6205-2ஆர்எஸ் என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ., இரு பக்கமும் ரப்பர் சீல். தகட்டு மூடி போட்ட 'இசட்இசட்' வகை சேற்றுக்கு ஆகவே ஆகாது. பல ஏடிவிகளின் நக்கிளில் இரட்டை வரிசை பேரிங்தான் இருக்கும்; அதனால் வின் நம்பரை (வண்டியின் அடையாள எண்) கொடுத்தே ஆர்டர் செய்யுங்கள். ஒரே மாடலிலும் வருடத்துக்கு வருடம் அளவு மாறலாம்.

வேலை இப்படி: காலிப்பரை (பிரேக் பிடிக்கும் பகுதி) கழற்றிக் கம்பியில் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கவிட வேண்டாம். காட்டர் பின் (நட் கழலாமல் பிடிக்கும் வளைகம்பி), ஆக்சில் நட், ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி), பிறகு நக்கிள் என்ற வரிசையில் கழற்றுங்கள். சர்க்லிப்பை (பேரிங்கைப் பிடித்திருக்கும் வளையக் கிளிப்) எடுத்த பின்தான் பிரஸ்ஸில் அழுத்தி பேரிங்கை வெளியேற்ற வேண்டும். எடுக்க மறந்து அழுத்தினால் அலுமினிய நக்கிள் விரிசல் விட்டுவிடும்.

புது பேரிங்கை முந்தின ராத்திரியே பையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். நக்கிளை ஹீட் கன்னால் 100 டிகிரி வரை சூடாக்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி. நக்கிளுக்குள் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். அந்த வளையத்தின் அளவுள்ள சாக்கெட் போதும். உள்வளையத்தில் அழுத்தினால் அந்த விசை முழுக்க குண்டுகள் வழியாகப் போய், ஓடுபாதையில் பள்ளம் விழும். புது பேரிங் முதல் நாளே கத்துவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஹப்பை ஏற்றும்போது நேர்மாறு, உள்வளையத்துக்கு அடியில் தாங்கு கொடுங்கள். கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சில், சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவில். காட்டர் பின் எப்போதும் புதிது.

பதில் 2: புஷ்ஷை விட்டுவிடாதீர்கள். பேரிங்கைவிட அதிகச் செலவு வைப்பது அதுதான். பிளாஸ்டிக் புஷ், அதற்குள் இரும்பு ஸ்லீவ், அதற்குள் போல்ட் என்ற அமைப்பில் ஸ்லீவ் அசையாமல் நிற்க, புஷ் அதன் மேல் சுழல வேண்டும். கிரீஸ் இல்லாமல் துருப்பிடித்து இறுகினால் போல்ட்டே சுழல ஆரம்பிக்கும். ஃபிரேமில் போல்ட் மாட்டும் காதிலுள்ள துளை முட்டை வடிவமாகிவிடும். அப்புறம் வெல்டிங்தான். ஸ்லீவ் புஷ்ஷைவிட ஒரு நூலளவு நீளமாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நட்டை இறுக்கியதும் ஆர்ம் அசையாது. இறுகிய போல்ட்டுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். நெருப்பு காட்டினால் புஷ் உருகும்.

கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருந்தால், பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். நீர் தாங்கும், கெட்டித்தன்மையில் 2-ஆம் நம்பர் கிரீஸ் நல்லது. நிப்பிள் இல்லாத வண்டியில் சீசனுக்கு ஒருமுறை கழற்றிப் பூசுவதைத் தவிர வழியில்லை.

கேள்வி: பிரஷர் வாஷரில் கழுவலாமா?

பதில் 1: சக்கர நடுவிலும் ஆர்ம் மூட்டுகளிலும் நேராக அடிக்காதீர்கள், சீலைத் தாண்டித் தண்ணீர் போய்விடும். ஓடிச் சூடான பேரிங் குளிர்ந்த ஓடையில் இறங்கும்போதும் உள்காற்று சுருங்கித் தண்ணீரை இழுக்கும். அதனால் ஆழத் தண்ணீரில் போய் வந்த வண்டியின் சக்கரங்களை அந்த வாரமே ஆட்டிப் பாருங்கள். பனி விழுமுன் நிறுத்தி வைப்பதாக இருந்தால், கடைசியாகக் கழுவிய பிறகு கிரீஸ் அடியுங்கள், முன்னால் அல்ல.