மின்தடையும் மின்திறனும்: கணக்கு ஒன்று சொல்ல, மீட்டர் வேறொன்று சொன்ன அனுபவங்கள்

ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்

வீட்டிலிருந்த 230 வோல்ட், 100 வாட் குண்டு பல்பின் மின்தடையைப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் மல்டிமீட்டரால் அளந்து, 39 ஓம் என்று குறித்துக்கொண்டு வந்தான். மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்தால் மின்திறன் கிடைக்கும் என்பதால், 52,900ஐ 39ஆல் வகுத்து ஏறத்தாழ 1,356 வாட் என்று விடை எழுதியிருந்தான். பல்பின் மேல் 100 என்றுதான் அச்சிடப்பட்டிருக்கிறது. தவறு பல்பிலா, பாடப்புத்தகத்திலா என்பது அவனுடைய கேள்வி. கணக்கில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

மறுநாள் ஆய்வகத்தில், கார் இண்டிகேட்டரில் பயன்படும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை பேட்டரி எலிமினேட்டரில் (பேட்டரிக்குப் பதிலாகக் குறைந்த மின்னழுத்தம் தரும் ஆய்வகக் கருவி) இணைத்து, அம்மீட்டரைத் தொடரிலும் வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பிலும் வைத்தோம். 2 வோல்ட்டில் இழை மங்கலாகச் சிவந்தபோது மின்னோட்டம் 0.65 ஆம்பியர், அதாவது மின்தடை சுமார் 3.1 ஓம். 6 வோல்ட்டில் 1.2 ஆம்பியர், 5 ஓம். 12 வோல்ட்டில் பல்பு முழு ஒளியுடன் எரிந்தபோது 1.75 ஆம்பியர், ஏறத்தாழ 6.9 ஓம், பெருக்கிப் பார்த்தால் சரியாக 21 வாட். இழை சூடேறச் சூடேற டங்ஸ்டனின் மின்தடை உயர்வதை மாணவர்கள் தம் கையால் எழுதிய எண்களிலேயே கண்டார்கள். குளிர்ந்த நிலையில் 39 ஓம் காட்டிய அந்த 100 வாட் பல்பும் எரியும்போது 529 ஓம் தடையுடன் 0.43 ஆம்பியரை மட்டுமே இழுக்கிறது. 1827இல் ஓம் வெளியிட்ட விதியை நாம் வகுப்பில் சொல்லும்போது ‘மாறா வெப்பநிலையில்’ என்று தொடங்குகிறோம். தேர்வில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யப்படும் அந்த இரண்டு சொற்களை நானும் அதுவரை வேகமாகக் கடந்துதான் போயிருக்கிறேன்.

வீட்டு மின்பணியாளர்

ஆசிரியர் சொன்னதைப் படித்ததும் ஒரு கீசர் பாயிண்ட் நினைவுக்கு வந்தது. 2,000 வாட் கீசரின் ப்ளக் பழுப்பேறி, பிளாஸ்டிக் கருகும் வாடை வருவதாக அழைத்திருந்தார்கள். கீசர் நன்றாக வேலை செய்தது, வெந்நீரும் வந்தது. மெயினை அணைத்துவிட்டு, ப்ளக்கைச் செருகிய நிலையிலேயே இணைப்பின் தடையைப் பார்த்தபோது மீட்டர் 0.5 ஓம் காட்டியது. ஆனால் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டபோதே 0.3 ஓம் காட்டிய மீட்டர் அது. விரலால் அழுத்தும் அழுத்தத்தைப் பொறுத்து எண் மாறிக்கொண்டேயிருந்தது. இவ்வளவு சிறிய தடையை அந்த வழியில் அளந்து நம்ப முடியாது.

ஆகவே லோடு ஓடும்போதே பார்த்தேன். (மின்சாரம் உள்ள இடத்தில் திருகுகளைத் தொட்டு அளக்கும் வேலை இது, பழக்கமில்லாதவர்கள் தயவுசெய்து முயல வேண்டாம்.) வயரை வெட்டாமல் சுற்றிப் பிடித்தே மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஃபேஸ் வயரில் மட்டும் மாட்டினால் 8.5 ஆம்பியர் வந்தது. இரண்டு வயரையும் சேர்த்து மாட்டினால் பூஜ்யம்தான் வரும், ஏனென்றால் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்; உதவிக்கு வந்த பையன் அன்று அப்படி மாட்டிவிட்டு ‘கரண்டே போகவில்லை’ என்றான். பிறகு சாக்கெட்டின் பின்புறத் திருகுக்கும், ப்ளக்கினுள் வயர் முடுக்கப்பட்டிருந்த திருகுக்கும் இடையே மின்னழுத்தம் பார்த்தேன். ஒன்றுமே காட்டக் கூடாத அந்த இடத்தில் 2.1 வோல்ட் இருந்தது. 2.1ஐ 8.5ஆல் வகுத்தால் சுமார் 0.25 ஓம், இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 18 வாட். நான் பையில் வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதற்குச் சற்றே குறைந்த வெப்பம், குளியல் முடியும்வரை, தினமும் அந்தச் சிறு பித்தளைப் பின்னில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சாக்கெட்டையும் ப்ளக்கையும் மாற்றி, வயர் முனையைப் புதிதாகச் சீவித் திருகை இறுக்கிய பின் அதே இடத்தில் 0.05 வோல்ட்தான் வந்தது. அது அரை வாட்டுக்கும் குறைவு. லூஸ் காண்டாக்ட் என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் கால் ஓம் இவ்வளவு செய்யும் என்று வீட்டுக்காரருக்கு இந்தப் பெருக்கலைக் காட்டிய பிறகுதான் நம்பிக்கை வந்தது.

வீட்டுக் கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்

நான் இன்னொரு விதமாகச் சறுக்கினேன். எங்கள் ஒரு குதிரைத்திறன் மோட்டாரின் காயிலை அளந்தபோது 3.2 ஓம் வந்தது. 230ஐ அதனால் வகுத்து 72 ஆம்பியர் என்று பார்த்ததும், காயில் ஷார்ட் ஆகிவிட்டதாக முடிவு செய்து, காயில் கட்டும் கடைக்கே தூக்கிச் செல்லத் தயாரானேன். மெக்கானிக் வந்து, மோட்டாரை ஓடவிட்டு, கிளாம்ப் மீட்டரில் 6.8 ஆம்பியரைக் காட்டினார். ‘நிற்கிற மோட்டாரை அளந்துவிட்டு ஓடுகிற மோட்டாருக்குக் கணக்குப் போடுகிறீர்களே, சார்’ என்றார். அந்த 6.8ஐ 230ஆல் பெருக்கி 1,564 வாட் என்று நான் எழுதியதும் பிழை என்றார். ஏன் என்று அவருக்கு விளக்கத் தெரியவில்லை.

ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்

காயிலில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது, மாறும் காந்தப்புலம் அந்தக் காயிலிலேயே எதிர் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. மின்னோட்டத்தைப் பெரும்பாலும் தடுத்து வைத்திருப்பது அதுதான், செம்புக் கம்பியின் 3.2 ஓம் அன்று. அதனாலேயே மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கி வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடாததால், வெறும் பெருக்கல் உண்மையான திறனைவிடக் கூடுதலாகவே காட்டும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மோட்டார் மட்டும் ஓடும்போது மின்வாரிய மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஒரு யூனிட்டுக்கு (1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்) எத்தனை சிமிட்டல் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

வீட்டுக் கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்

எண்ணினேன். முகப்பில் 3,200 என்று இருக்கிறது. நிமிடத்துக்கு 60 சிமிட்டல், மணிக்கு 3,600. அப்படியானால் 1,125 வாட், அதாவது நான் பெருக்கி எழுதியதில் 0.72 பங்கு.