ஒரு பாகம் என்றால் எத்தனை சென்டிமீட்டர்?

புதன்கிழமை காலையில் பொங்கல் வாசனை வந்துவிட்டால் என் வகுப்பில் பாடம் நடக்காது.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. ஒன்றாவது முதல் எட்டாவது வரை. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஏப்ரல் வரைக்கும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஜூனில் ஆறாவதுக்கு வந்த முப்பத்தெட்டு பேர் என் பொறுப்பு. தம்பி தங்கை சாப்பிடுவதை ஜன்னல் வழியே பார்க்கிற வயதும் இல்லை, பார்க்காமல் இருக்கிற வயிறும் இல்லை. "சாப்பிட்டியாடா?" என்று கேட்டால் "ஆச்சு மிஸ்" என்பார்கள். பத்து மணிக்கு மேஜையில் தலை சாய்ந்துவிடும். எட்டு வயதுப் பிள்ளையைவிடப் பதினொரு வயதுப் பிள்ளைக்குத்தான் பசி அதிகம். ரோஷமும் அதிகம். நேராகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். அதனால் "யார் கரும்பலகை துடைக்கிறீங்களோ அவங்களுக்கு பன்" என்று ஏதாவது சாக்கு வைத்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. என் கரும்பலகை அளவுக்குப் பளபளப்பான கரும்பலகை வட சென்னையில் வேறெங்கும் இருக்காது.

நான் சொல்ல வந்தது 2025 ஜூன் 16 தொடங்கிய வாரம். நம் பக்கத்தில் அந்தத் தேதிக்கு ஒரு விசேஷம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போயிருந்த நேரம். காசிமேட்டில் ஐஸ் லாரிகளும் டீசல் கேன்களுமாக ஒரே பரபரப்பு. திங்கட்கிழமை பிரேயர் முடிந்து நான் எமிஸில், அதாவது கல்வித்துறையின் ஆன்லைன் பதிவில், வருகை போட்டுக்கொண்டிருக்கிறேன். நெட் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்போது ஒரு பையன் வியர்த்துக் கொட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். இரண்டாவது வாரமாகத் தாமதம். எனக்கிருந்த எரிச்சல் பாதி நெட்வொர்க் மேல், மொத்தமும் அவன் மேல் இறங்கியது. பத்து நிமிஷம் வெளியே நிற்க வைத்தேன். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. காரணம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்றால், அன்றைக்கு அதுவும் சந்தேகம்தான்.

செவ்வாய்க்கிழமை அறிவியலில் முதல் பாடம், அளவீடுகள். இந்தப் பாடத்தை நான் எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்குவேன். ஸ்கேலை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, பெஞ்சை சாணால் அளக்கச் சொல்வேன். ஒருவனுக்கு ஒன்பது சாண், ஒருத்திக்குப் பத்தரை, முதல் பெஞ்சு குட்டிப் பையனுக்குப் பன்னிரண்டு. சண்டை கிளம்பும். சண்டை முற்றியதும் "அதனாலதான் எல்லாருக்கும் பொதுவா ஒரு மீட்டர்" என்று நான் உள்ளே நுழைவேன். வருஷா வருஷம் வேலை செய்கிற தந்திரம்.

இந்த முறை நான் நுழைவதற்குள் ஒரு பெண் எழுந்துவிட்டாள். வாயாடி. "மிஸ், அப்ப கை குட்டையா இருக்கிற பூக்காரம்மாகிட்ட பூ வாங்கவே கூடாது. முழத்துக்கு நாலு விரக்கட லாஸு." வகுப்பே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. இதைவிடத் தெளிவாக அந்தப் பாடத்தை நானே சொல்லியிருக்க முடியாது.

அப்போதுதான் தாமத மன்னன் கை தூக்கினான்.

"மிஸ், பாகம் சொல்லவே இல்ல நீங்க."

எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷமாக அளவீடுகள் நடத்துகிறேன், சாணும் முழமும் தெரியும், பாகம் தெரியாது. அவன் எழுந்து இரண்டு கையையும் சிலுவை மாதிரி விரித்துக் காட்டினான். "இது ஒரு பாகம். கடல் ஆழம் இதுலதான் சொல்வாங்க. எங்கப்பா போன்ல பேசும்போது இருபது பாகத்துல வலை வுட்ருக்கோம்பாரு."

சரி, அளந்துவிடலாம் என்று டேப்பை எடுத்தேன். அவன் விரித்த கைக்கு 139 சென்டிமீட்டர். உயரம் அளந்தால் 138. அடுத்தவளுக்கு 144, உயரமும் 144. அதற்குப் பிறகு வகுப்பு என் கையில் இல்லை. எல்லாரும் சுவரில் முதுகை ஒட்டி நின்று கையை விரிக்கிறார்கள், சாக்பீஸால் கோடு போடுகிறார்கள், ஒருவன் கை இன்னொருவன் மூக்கில் இடிக்கிறது. விரித்த கையின் நீளம் ஏறக்குறைய அவரவர் உயரம் என்பதை நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து முறைத்துவிட்டுப் போனார். சுவரில் அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன.

கடைசியில் அவனிடம் "அப்போ உன் பாகம் 139-ன்னு எழுதிக்கலாமா?" என்று கேட்டேன். "சின்னப் பசங்க பாகம்லாம் கணக்குல வராது மிஸ்" என்று உட்கார்ந்துவிட்டான்.

தாமதத்துக்கான காரணமும் அன்றைக்கு மதியம் தானாக வந்தது. அப்பா படகில் போய்விட்டார். அம்மா விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்கிறவர். கூடையைத் தூக்கிவிட ஆள் வேண்டும். வீட்டுக்கு வந்து, வாசனை போகக் குளித்து, அப்புறம் பள்ளிக்கூடம். அந்தக் குளியல்தான் தாமதம். போன வருஷம் யாரோ மூக்கைப் பொத்திக் காட்டியிருக்கிறார்கள்.

புதன்கிழமை பொங்கல் வாசனையோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. இன்டர்வெல்லுக்கு எல்லாரும் ஓடிய பிறகும் பூக்காரம்மா ஜோக் அடித்த பெண் மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை. கிட்டப் போனேன். "மிஸ், எனக்கு இன்னாவோ ஆயிட்சு." முந்தின நாள் அவ்வளவு பேசிய பிள்ளைக்குக் குரலே வரவில்லை. அலமாரியில் நாப்கின் இருந்தது. என் துப்பட்டாவை இடுப்பில் கட்டிவிட்டு அழைத்துப் போனேன். திரும்பி வந்தால் பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள். "அவளுக்கு இன்னா மிஸ்?" வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். பின்னாலிருந்து ஒருத்தி "பெரிய மனுஷி ஆயிட்டாடா லூசு" என்றாள். என் பொய் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. வளரிளம் பருவம் பற்றிய பாடம் எட்டாம் வகுப்புப் புத்தகத்தில்தான் இருக்கிறது. என் வகுப்புக்கு அது இரண்டு வருஷம் முன்னாலேயே வந்து நின்றுவிட்டது.

அழைத்துப் போக ஆயா வந்தார். வந்தவுடன் பேத்தியின் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தார். பிறகு என்னைப் பார்த்து, "பதினாறு நாள் கழிச்சு அனுப்பறேன் டீச்சரம்மா." நான் ஒரு வாரம் என்றேன். அவர் சடங்கு, மாமன் சீர், மண்டபம் என்று அடுக்கினார். காய்கறிக்கடை பேரம் மாதிரி நடந்தது. மாதவிடாய் நோய் இல்லை என்றெல்லாம் நான் பேசியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பாடம் போச்சுன்னா யார் ஆயா சொல்லிக் குடுப்பா?" என்றதற்குத்தான் கொஞ்சம் இறங்கினார். ஒன்பது நாளில் முடிந்தது.

வியாழன் இரும்புச்சத்து மாத்திரை நாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொரு நீல மாத்திரை. வாயில் போட்டதைக் கண்ணால் பார்த்தேன். சாயந்திரம் ஜன்னலோரச் செம்பருத்தித் தொட்டியில் ஏழு மாத்திரை கிடந்தன. அந்தச் செடிக்கு ரத்தசோகை வர வாய்ப்பே இல்லை. வெள்ளிக்கிழமை பாடக்குறிப்பேடு, பள்ளி மேலாண்மைக் குழு கூட்டம், தொண்டை கட்டிப் போனது. அவ்வளவுதான் ஞாபகம்.

இதுவரை படித்தவர்கள் எழுதிய பதில்களில் இரண்டு. காசிமேட்டிலிருந்து ஒருவர்:

டீச்சர், பையன் சொன்னது சரி. எங்கள் தாத்தா காலத்தில் ஈயக்குண்டு கட்டின கயிற்றைக் கடலில் விட்டு ஆழம் பார்ப்பார்கள். கயிற்றை மேலே இழுக்கும்போது மார்புக்குக் குறுக்கே இரண்டு கையாலும் விரித்து விரித்து எண்ணுவார்கள். ஒரு விரிப்பு ஒரு பாகம். ஏறக்குறைய ஆறு அடி. ஆங்கிலத்தில் ஃபாதம் என்கிறார்களே, அதுவும் ஆறு அடிதான். அதற்கும் விரித்த கை என்றுதான் பழைய பொருளாம். இப்போது படகில் கருவி வந்துவிட்டது. ஆனால் வாயில் வருவது இன்னும் பாகம்தான். அப்புறம் ஒரு விஷயம். வாசனைக்காகக் குளிப்பது எனக்கும் தெரியும். எலுமிச்சம்பழத் தோல் தேய்க்கச் சொல்லுங்கள், சீக்கிரம் போகும்.

வியாசர்பாடியில் ஏழாம் வகுப்பு எடுப்பவர்:

எங்கள் பக்கத்தில் தாமதத்துக்குக் காரணம் மீன் இல்லை, கேரம். தெருமுனைக் கிளப்பில் ஸ்ட்ரைக்கரை விட்டு எழுந்து வரவே மாட்டார்கள். முன்பெல்லாம் திட்டுவேன். 2024-இல் புதுவண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்காவில் உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகு திட்ட வாய் வருவதில்லை. "மிஸ், நாங்களும் பிராக்டிஸ்தான் பண்றோம்" என்கிறார்கள். கோணங்கள் பாடத்தை இப்போது கேரம் போர்டை வைத்தே நடத்துகிறேன். அந்த ஒரு பாடத்தில் மட்டும் எல்லாரும் எண்பதுக்கு மேல். மற்ற பாடங்களைப் பற்றிக் கேட்காதீர்கள்.

மறுபடி நான்தான். பூக்காரம்மா ஜோக் அடித்த அந்தப் பெண் திரும்பி வந்தாளா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். வந்தாள். பத்தாவது நாள், கையில் ஒரு டப்பா லட்டோடு. தெருமுனையில் அவள் படத்தோடு பேனர் வைத்திருந்தார்கள், நானும் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். வெட்கப்படுவாள் என்று அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"மிஸ், பேனர் எட்டுக்குப் பத்து அடின்னு மாமா சொன்னாரு. நான் சென்டிமீட்டர்ல போட்டுப் பார்த்தேன். 243.84, அப்புறம் 304.8. ஆனா கட்டுனப்போ டேப் வச்சு அளந்தா பத்து அடி இல்ல மிஸ், ஒன்பதரைதான். பிரிண்ட் போட்டவன் ஏமாத்திட்டான். மாமாவைப் போய்க் கேக்கச் சொல்லிருக்கேன்."